மந்திரத்தைப் பிடிக்கிறோம், சூதை விட்டுவிடுகிறோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையின் கையில் போன் கொடுத்திருக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் முழுதாக வாசிக்கவேண்டும். பாதியில் "ஹராம்" என்றோ "சூப்பர் சேர்" என்றோ போட்டுவிட்டுப் போகவேண்டாம்.

ஒரு வாரமாக ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. கென்ஷின் இம்பேக்ட் என்ற கேமில் பிள்ளைகள் மந்திரம் போடுகிறார்கள், நெருப்பை வரவழைக்கிறார்கள், இது சிஹ்ர், போனை வாங்கி உடையுங்கள் என்று அதில் சொல்லப்படுகிறது. பேசியவர் யாரென்று தெரியாது. நல்ல நிய்யத்தில்தான் பேசியிருப்பார். ஆனால் அந்தக் கேமை அவர் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை என்பது இரண்டாவது நிமிடத்திலேயே விளங்கிவிட்டது. நாங்கள் திறந்து பார்த்தோம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளையே பக்கத்தில் இருத்தி, அவர்களிடமே கேட்டுப் பழகினோம். பாடம் எடுக்கிறவன் பாடப் புத்தகத்தைத் திறக்காமல் வகுப்புக்குப் போகக்கூடாது என்றுதான் கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2020 செப்டம்பரில் மிஹோயோ என்ற சீனக் கம்பெனி வெளியிட்ட கேம் இது. போனில் இறக்குவதற்குச் சல்லி இல்லை. ஒரு பெரிய கற்பனை நாட்டில் நாலு பேர் கொண்ட குழுவை நடத்தவேண்டும். களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நிற்பார், நினைத்த நேரம் ஆளை மாற்றலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி: நெருப்பு, நீர், பனி, மின்னல், காற்று, பாறை, தாவரம் என்று ஏழு.

"மந்திரம்" என்பது இரண்டு பொத்தான். ஒன்று சிறிய அடி, சில விநாடி பொறுத்துத் திரும்பவும் அழுத்தலாம். மற்றது பெரிய அடி, அதற்குச் சக்தி சேரவேண்டும். பிள்ளை எதையும் ஓதுவதில்லை, எந்த ஜின்னையும் கூப்பிடுவதில்லை. நெருப்புப் பட்டால் பனி உருகும், நனைந்தவன் மேல் மின்னல் பாயும். விஞ்ஞானப் பாடத்தில் நாங்கள் கரும்பலகையில் எழுதுவதைத்தான் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் காட்டுகிறார்கள். சிஹ்ர் பெரும் பாவம் என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதனால்தான் அந்தப் பேரைக் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டவேண்டாம் என்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம், கோபிக்கவேண்டாம். வியாபாரம் படுத்தால் "யாரோ செய்துபோட்டார்கள்" என்று நூல் கட்டப் போகிறவர்களும், தகடு எடுக்க ஆள் கூட்டி வருகிறவர்களும் நம்மிடையே இல்லையா? அதற்குக் கொடுக்கிற சல்லிக்கு ரசீது உண்டா? அந்தப் பெரியவர்களைப் பற்றி ஒரு குரல் பதிவும் வரவில்லை. பிள்ளையின் போனில் எரிகிற நெருப்புக்கு மட்டும் வந்திருக்கிறது.

உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கமாட்டோம். கேமில் வழியெங்கும் சிலைகள் நிற்கும். கிட்டப் போனால் காயம் ஆறும். தேடி எடுத்த மணிகளை அதற்குக் கொடுத்தால் பலம் கூடும். இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து கதைக்கத்தான் வேண்டும். காயம் ஆற்றுவதற்குச் சமைத்த சாப்பாடும் அதே கேமில் உண்டு, சமைத்து வைத்துக்கொண்டு போ என்று சொல்லலாம். வேண்டாம் என்று முடிவெடுக்கிற வீடு எடுக்கட்டும், அது அந்த வீட்டின் உரிமை. 2020 ஜூனில் பப்ஜி கேமில் ஒரு சிலைக்கு முன்னால் மண்டியிடுகிற காட்சியைச் சேர்த்தார்கள். அரபு நாடுகளில் எதிர்ப்பு வந்தது. கம்பெனி மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. ஆக, முஸ்லிம்கள் ஒன்றாகக் கேட்டால் நடக்கும். ஆனால் அதே பப்ஜியில், உள்ளே என்ன வருமென்று தெரியாத பெட்டிகளைச் சல்லிக்கு விற்றார்களே, அதற்கு எதிராக அந்த அளவு சத்தம் எங்கள் காதில் விழவில்லை.

எங்கள் கோபம் அங்கேதான். மந்திரத்தில் இல்லை, கடையில்.

கென்ஷினில் புதிய வீரர் வேண்டுமென்றால் ஒரு சீட்டு இழுக்கவேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் "விஷ்". சீன மொழியில் பிரார்த்தனை என்று பொருள்படுகிற சொல்லையே போட்டிருக்கிறார்கள். இழுப்பதற்கான சீட்டின் பெயர் "ஃபேட்", அதாவது விதி. விளங்குகிறதா? துஆவின் பெயரில் குலுக்கல், கத்ரின் பெயரில் சீட்டு, ஒரு சீட்டு 160 மணி. பிள்ளை மந்திரம் போடுகிறான் என்று பதறுகிற நாம் இதைப் பார்த்தல்லவா பதறியிருக்கவேண்டும்?

கணக்குக்கு வருவோம். உயர்தர வீரர் ஒருவர் கிடைக்கும் வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம். இது கம்பெனியே கேமுக்குள் எழுதி வைத்திருப்பது. அப்படியென்றால் பத்து இழுப்பு இழுக்கிற நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 94 பேருக்கு அந்த வீரர் கிடைக்கமாட்டார். சாதாரண தரப் பிள்ளைகள் நிகழ்தகவில் இதைச் செய்து பார்க்கலாம். 90ஆவது இழுப்பில் கட்டாயம் ஒருவர் வருவார், ஆனால் பிள்ளை ஆசைப்பட்டவர்தான் என்றில்லை. மோசமாகப் போனால் ஆசைப்பட்டவரைப் பிடிக்க 180 இழுப்பு, 28,800 மணி. 100 டொலர் பொதியில் 8,080 மணி வரும். முதல் தடவைக்குத் தருகிற இரட்டிப்பை விட்டுப் பார்த்தால் சுமார் 356 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தாலும் ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கு மேல். புறாமலைக்கு வெள்ளைக்காரரை ஏற்றி இறக்குகிற ஒரு வாப்பா சீசனில் எத்தனை ஓட்டம் ஓடவேண்டும்? அதுவும் கையில் வருவது ஒரு படம். விற்கவும் முடியாது.

ரூபா நேரே சீட்டாகாது என்பதையும் கவனியுங்கள். சல்லி முதலில் ஒரு கல்லாகும், கல் மணியாகும், மணி சீட்டாகும், பிறகுதான் இழுப்பு. மூன்று தடவை பேர் மாறியபிறகு எவ்வளவு போனதென்று பெரியவர்களுக்கே பிடிபடாது.

சூரா அல்-மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவையும் சூதையும் அம்பெறிந்து குறி பார்ப்பதையும் ஒரே வரிசையில் வைத்து விலக்குவது மத்ரஸாப் பிள்ளைக்கும் தெரியும். அம்புக்குப் பதில் பொத்தான் வந்தால் சட்டம் மாறுமா? சல்லி போடாமல், விளையாடிச் சேர்த்த மணியில் இழுப்பதற்கு என்ன சட்டம் என்று உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் பத்வா கொடுக்கிற ஆட்கள் இல்லை. காசு போட்டு இழுப்பது என்னவென்று கேட்டால் மட்டும் எங்களுக்குத் தயக்கமில்லை.

இது நம் ஊர் மௌலவிகள் மட்டும் சொல்கிற கதையுமல்ல. ஜப்பானில் இப்படிப்பட்ட குலுக்கலில் ஒரு வகையை 2012இலேயே தடுத்தார்கள். பெல்ஜியத்தில் 2018இல் சில கேம்களின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு இதே கென்ஷின் கம்பெனியை 20 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொள்ள வைத்தது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் குலுக்கலை விற்கக்கூடாது என்றும் விதித்தது. அமெரிக்கக்காரன் சூதைப் பிடித்திருக்கிறான். குர்ஆனை மனனம் செய்கிற நாம் மந்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பிள்ளை ஏன் கடைக்குப் போகிறான்? தோற்பதால். நாலு தடவை ஒரே அரக்கனிடம் அடி வாங்கியவனிடம் யூடியூபில் ஒருவர் வந்து, "இந்த வீரர் இல்லாமல் முடியாது மச்சான்" என்பார். அவன் நம்பிவிடுவான். அது பொய். ஆரம்பத்தில் இலவசமாகக் கிடைக்கிற நால்வரை வைத்தே தொடக்கச் சண்டைகளை எல்லாம் வெல்லலாம். பயணி, நெருப்பு அம்போடு அம்பர், பனி வாளோடு கேயா, மின்னலோடு லிசா. இவர்களை நடத்தத் தெரியாதவன் ஒரு லட்சம் கொட்டினாலும் கொஞ்ச நாளில் திரும்பவும் தோற்பான். ஆகவே தடுக்க நினைக்கிறவர்கள் பிள்ளைக்கு ஒழுங்காக அடிக்கப் பழக்குங்கள். உங்களுக்குத் தெரியாதென்றால் இதை அவனிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தம்பி, முதலில் கால். நம் பக்கத்துச் சீனடியில் கம்பு பிடிக்குமுன் கால் வைக்கத்தான் பழக்குவார்கள். இங்கும் அதேதான். ஓடுவதற்கும் விலகுவதற்கும் ஒரே மஞ்சள் கோடுதான் செலவாகும். புதியவர்கள் அரக்கனிடம் வேகமாக ஓடிப்போய் அந்தக் கோட்டைத் தீர்த்துவிட்டு, அவன் கை ஓங்கும்போது விலக முடியாமல் நிற்பார்கள். நடந்து போ. அவன் ஓங்குவதைப் பார். அடி இறங்குகிற கணத்தில் விலகினால் ஒரு நொடி உனக்கு எதுவும் படாது. இதை நூறு தடவை செய். பொத்தானைக் கண்டபடி தட்டுவது சண்டையல்ல.

அடுத்தது ஒழுங்கு. நெருப்பு ஸ்லைமை நெருப்பால் அடித்தால் ஒன்றும் ஆகாது, எந்த ஸ்லைமுக்கும் அதன் சொந்தச் சக்தி படாது. மாற்றி அடி. அதிலும் எது முதல், எது பிறகு என்பதில்தான் பலம். கேயாவின் பனியை முதலில் ஒட்டவைத்து, உடனே ஆளை மாற்றி அம்பரின் நெருப்பைக் கொடுத்தால் அடி 2 மடங்கு. நெருப்பை முன்னும் பனியைப் பின்னும் கொடுத்தால் 1.5 மடங்குதான். இரண்டு பேரும் அதே ஆட்கள், சல்லி ஒரு சதமும் இல்லை, ஒழுங்கு மட்டும்தான் வேறு. லிசாவின் மின்னலையும் அம்பரின் நெருப்பையும் சேர்த்தால் வெடிக்கும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் சின்ன அரக்கர்கள் தூரப் பறந்துவிடுவார்கள், வாளோடு நிற்கிறவன் பின்னால் ஓடித் திரியவேண்டும்.

வானத்தைப் பார். மழை பெய்தால் எல்லாரும் நனைந்திருப்பார்கள், அப்போது லிசாவை இறக்கு. புல்லில் நின்று நெருப்பு வைக்காதே, நீயும் எரிவாய். மரக் கேடயத்தோடு வருகிறவனுக்கு மட்டும் அம்பரின் நெருப்பைக் கொடு, கேடயம் எரிந்து போகும். கேயாவின் பனி தண்ணீரை உறைய வைக்கும், அதன் மேல் நடந்தே மறுகரைக்குப் போகலாம். இறக்கக்கண்டிப் பாலத்தடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதுதான் கேமிலேயே பிடித்த விடயம்.

பெரிய அடிக்குச் சக்தி எப்படிச் சேர்கிறது என்று நிறையப் பேர் பார்ப்பதில்லை. சிறிய அடி பட்டதும் ஒளித்துகள்கள் பறந்து வரும். களத்தில் நிற்பவருக்கு அதில் கூடுதல் பங்கு, வெளியே இருப்பவர்களுக்குக் குறைவு. ஆகவே அடித்துவிட்டு, யாருக்குத் தேவையோ அவருக்கு உடனே மாறிப் பிடி. நாலு பேரையும் ஒரேயளவில் வளர்க்கப் பார்க்காதே. அடிக்கிறவர் ஒருவரைத் தெரிந்து, முதலில் அவருடைய ஆயுதத்தை உயர்த்து. சுழல் கோபுரம் திறந்ததும் மூன்றாவது மாடியின் மூன்றாவது அறையை முடித்துவிடு. ஸியாங்லிங் என்ற நெருப்பு வீராங்கனை இலவசமாக வருவாள். காசு கொடுத்து வாங்கிய வீரர்கள் பலருக்கு அவள் குறைந்தவளில்லை.

ரெசின் என்று ஒன்று, 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும், 200 வரை. காலியிலிருந்து நிறைய 26 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அப்படியென்றால் நாளுக்கு ஒரு தடவை திறந்தால் எதுவும் வீணாகாது. சுபஹுக்கு எழும்பாதவன் ரெசினுக்கு எழும்புகிறான் என்றால் கேமிலும் அவன் கணக்குப் பிழை.

போனை உடைத்தவர்களின் வீட்டுக் கதையும் எங்களுக்குத் தெரியும். ஒரு பிள்ளை அடுத்த நாளே கூட்டாளியின் போனில் அதே கணக்கைத் திறந்துவிட்டான். இப்போது அவன் என்ன விளையாடுகிறான், யாருடைய கார்டில் வாங்குகிறான் என்று அந்த வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. மறுபக்கம் "கேம்தானே, விளையாடட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகிறவரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். இருவரும் திரையைப் பார்க்கவில்லை.

இன்றிரவு இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் எடுத்து, பிள்ளையின் போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்ஸுக்குள் போய், ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி மாற்றிவிடுங்கள். சேமித்து வைத்திருக்கிற கார்டை நீக்குங்கள். பாஸ்வேர்டாகப் பிள்ளையின் பிறந்த தேதியை மட்டும் வைக்கவேண்டாம், அவன் முதலில் அடித்துப் பார்ப்பது அதைத்தான்.