கடலாடி தண்டனைக் கூடமல்ல

தமிழக அரசு அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் ஒரு மிரட்டல் உண்டு. மேலதிகாரியிடம் முறைத்துக்கொண்ட ஊழியரைப் பார்த்து, "தண்ணியில்லாத காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன்" என்பார்கள். எந்தக் காடு என்று எவரும் கேட்பதில்லை. ராமநாதபுரம் மாவட்டம்தான் என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அந்த மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு படி இறக்க வேண்டுமென்றால் கடலாடி இருக்கிறது. திரைப்படங்கள் இதை நகைச்சுவையாக்கி, நாடே சிரித்து முடித்தாயிற்று. கடலாடியில் பிறந்து, கடலாடியிலேயே வரி கட்டி வாழும் குடும்பங்களின் காதில் அந்தச் சொல் எப்படி விழும் என்பதை மட்டும் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பணம் படைத்தவர் இல்லாதவரை இளக்காரமாகப் பார்ப்பது பழைய நோய். தனிமனிதர் அதைச் செய்தால், பண்பு போதாது என்று சொல்லி விலகிவிடலாம். ஓர் அரசு நிர்வாகம் தன் குடிமக்களில் ஒரு பகுதியினரின் வறுமையையே பிரம்பாக எடுத்துத் தன் ஊழியர்களை அடிக்குமானால், அதற்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த அரசாணையிலும் இது எழுதப்பட்டிருக்காது என்பதை நாம் அறிவோம். எழுதப்படாத வழக்கம் என்பதாலேயே ஆட்சிகள் மாறியும் இது மாறாமல் இருக்கிறது.

விளைவைக் காண வெகுதூரம் போக வேண்டாம். தண்டனையாக அனுப்பப்பட்டவர் பொறுப்பேற்ற நாளிலேயே திரும்பிப் போகும் வழியைத் தேடத் தொடங்குகிறார். குடும்பம் மதுரையில். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினால் திங்கள்கிழமை முற்பகலில்தான் நாற்காலி நிறையும். அதுவரை, கூலி வேலையை விட்டுவிட்டுப் பேருந்தேறி வந்தவரிடம் "சார் இன்னும் வரல, நாளைக்கு வாங்க" என்கிறார் அலுவலக உதவியாளர். அதிகாரி வந்த பிறகும் காட்சி பெரிதாக மாறிவிடுவதில்லை. அறையின் ஓரத்தில் விலைக்கு வாங்கிய கேன் தண்ணீர். மேசைக்கு எதிரே முதியோர் உதவித்தொகைக்கு மனுவோடு நிற்கும் மூதாட்டி. "இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் அதிகாரி அலுத்துக்கொள்வது அந்த மூதாட்டிக்கும் கேட்கிறது. அவர் அங்கேதான் எழுபது ஆண்டுகளாக இருக்கிறார்.

விரும்பி வந்து ஆண்டுக்கணக்கில் பணியாற்றிய ஆசிரியர்களும் மருத்துவர்களும் இந்தப் பகுதியில் உண்டு. ஊர் அவர்களை மறக்கவில்லை. ஆனால், கடலாடியில் வேலை பார்த்தேன் என்று அவர்கள் வெளியூரில் சொன்னால், "அப்படி என்ன தப்பு செஞ்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நல்ல ஊழியரையும் சேர்த்தே இந்த வழக்கம் அவமதிக்கிறது.

சட்டத்தின் நிலை இதில் தெளிவாகவே இருக்கிறது. பணி மாறுதல் நிர்வாகத் தேவைக்கானது. அது தண்டனை அல்ல. தண்டனைக்குப் பதிலாகப் பிறப்பிக்கப்படும் மாறுதல் ஆணை சட்டவிரோதமானது, ரத்து செய்யத்தக்கது என்று சோமேஷ் திவாரி எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு ஊழியரைக் காக்கிறது. என்னைப் பழிவாங்கக் கடலாடிக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஓர் ஊழியர் நீதிமன்றம் போகலாம். எங்கள் ஊரை ஏன் சிறைச்சாலையாக்கினீர்கள் என்று கேட்கக் கடலாடிக்கு எந்த நீதிமன்றமும் இல்லை.

தண்ணீர் இல்லை என்பது பொய்யா? பொய்யல்ல. வைகைப் பாசனத்தின் கடைமடை ராமநாதபுரம். குண்டாறு கடலில் கலப்பது கடலாடி வட்டத்தில்தான் என்றாலும் பெரும்பாலான மாதங்களில் அதில் கலக்கத் தண்ணீர் இருப்பதில்லை. கண்மாய்களைச் சீமைக் கருவேலம் மூடிக் கிடக்கிறது. நரிப்பையூரில் 1990-களில் அமைக்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் பழுதாகி முடங்கியது. 616 கோடி ரூபாயில் வந்த காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் கடைசிக் கிராமங்களை எட்டும்போது, பல நாட்களில் அதில் காற்றுதான் வருகிறது. பெண்கள் தள்ளுவண்டியில் ஆறேழு பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு போகிறார்கள். ஊற்றுக்குழியில் குனிந்து, கசியக் கசியக் கொட்டாங்குச்சியால் மொண்டு, துணியில் வடிகட்டி நிரப்புகிறார்கள். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்பது மழையைப் பொறுத்தது. இந்தப் பட்டியலில் மழைக் குறைவைத் தவிர மற்றதெல்லாம் நிர்வாகம் செய்யத் தவறியவை. தன் தவறின் விளைவைக் காட்டி, 'பார், எப்படிப்பட்ட ஊர்' என்று அதே நிர்வாகம் முகம் சுளிப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

அரசை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. உள்ளூரில் வசதி வந்தவர்களும் இதே தராசைத்தான் கையில் எடுக்கிறார்கள். குடங்கள் வரிசையில் காத்திருக்கும் தெருவிலேயே, லாரித் தண்ணீர் பெரிய வீட்டின் தரைத்தொட்டியில் இறங்குகிறது. வளைகுடாவிலோ சென்னையிலோ சம்பாதித்துக் கால் ஊன்றியவரிடம் சொந்த ஊர் எது என்றால், "மதுரைப் பக்கம்" என்று முடித்துவிடுகிறார். பிழைக்கப் போன இடத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று அஞ்சுபவரை நாம் கடுமையாகச் சொல்ல மாட்டோம். அதே மனிதர் திருவிழாவுக்கு ஊர் திரும்பி, ஆளுயர பிளக்ஸ் பலகையில் சிரித்துக்கொண்டு, பனையேறியையும் உப்பளத் தொழிலாளியையும் ஒருமையில் அழைக்கும்போது அந்த அனுதாபம் போய்விடுகிறது. தண்ணீர் இல்லாத ஊருக்குப் பெண் கொடுப்பதில்லை என்று வெளியூரார் மறுப்பது இங்கே நெடுநாள் மனக்குறை. அந்தக் குறையைச் சுமப்பவர்களே, குடிசைக்காரர் வீட்டுச் சம்பந்தம் என்றால் அதே பதிலைச் சொல்கிறார்கள்.

செல்வத்துக்கும் மேட்டிமைக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதுபோல் நேரானதும் அல்ல. பக்கத்துக் கமுதியின் வரலாறு இதற்குச் சாட்சி. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தரை 1897 ஜனவரியில் பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. ராமேஸ்வரம் கோயிலில் விவேகானந்தர், ஏழையிடமும் எளியவரிடமும் சிவனைக் காண்பதே வழிபாடு என்னும் பொருள்பட உரையாற்றினார். அதே ஆண்டு மே மாதம், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள், அதுவரை அனுமதி மறுக்கப்பட்டிருந்த நாடார்கள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான அதே சேதுபதி வழக்குத் தொடுத்தார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில் 1908-இல் நாடார்கள் தோற்றார்கள். வழக்கு நடந்த காலத்தில் கமுதி நாடார்கள் வணிகத்தில் செழித்தவர்கள். சமஸ்தானமோ கடனில் மூழ்கியிருந்தது. பணம் ஒரு பக்கம், அந்தஸ்து மறுபக்கம். நீதிமன்றம் அந்தஸ்தின் பக்கம் நின்றது.

இதிலிருந்து நாம் பெறுவது இதுதான்: பணம் யாருக்கும் தானாக மதிப்பைத் தந்துவிடுவதில்லை, பணம் இல்லாமை யாரையும் தானாக இழிவுபடுத்திவிடுவதும் இல்லை. யாரை மேலே வைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதை அன்று அரண்மனையும் கோயிலும் நீதிமன்றமும் முடிவு செய்தன. அந்த நிறுவனங்கள் மாறியபோது இழிவும் விலகத் தொடங்கியது. 1939-இல் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு மதுரை மீனாட்சி கோயிலின் கதவு திறந்த பிறகு சட்டமும் வழிவிட்டது. இன்று அந்த நிறுவனங்களின் இடத்தில் தலைமைச் செயலகம் இருக்கிறது. கடலாடியின் மதிப்பு அங்கே தீர்மானிக்கப்படுகிறது, எனவே பொறுப்பும் அங்கேதான்.

2018-இல் ஒன்றிய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டில் இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். 1985 வரை இரண்டும் ஒரே ராமநாதபுரம் மாவட்டமாக இருந்தவை. பெயர் சூட்டியது ஒரு பக்கம், ஆள் அனுப்பும் முறை மறுபக்கம். சிறந்த ஊழியர் தேவை என்று அறிவிக்கப்பட்ட மாவட்டத்துக்கே, வேண்டாதவரை அனுப்பும் பழக்கம் தொடர்ந்தது. முதலீட்டாளர்களுக்கு இந்த மண் கசக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-இல் 4,550 கோடி ரூபாயில் எழுந்தது. இந்த மாவட்டத்தின் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாலிநோக்கத்தில் அரசே உப்பு எடுத்து விற்கிறது. வெயிலும் உப்பும் காரமும் வேண்டும்; அங்கே வாழும் மனிதர்கள் மட்டும் தண்டனைக்குரியவர்களா?

தண்டனை மாறுதல் என்னும் வழக்கத்தைத் தமிழக அரசு வெளிப்படையாகக் கைவிட வேண்டும். தவறு செய்த ஊழியர்மீது விதிகளின்படி நடவடிக்கை எடுக்கட்டும். அவரைக் கடலாடி மக்களின் தலையில் கட்டக் கூடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பணிபுரிவோருக்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் வழங்கப்படுகின்றன. குளிருக்குப் படி தர முடிந்த அரசுக்கு, வறட்சி வட்டாரங்களில் விரும்பிப் பணியாற்றுவோருக்கு ஊக்கப்படியும் பதவி உயர்வில் முன்னுரிமையும் தருவது இயலாத காரியமல்ல. அடுத்த பொது மாறுதல் கலந்தாய்வுக்கு முன்பாக, கடலாடி வட்டத்தின் பள்ளிகள், ஆரம்பச் சுகாதார நிலையங்கள், வருவாய் அலுவலகங்கள் ஆகியவற்றின் காலியிடங்களை வெளியிட்டு, அவற்றை முதலில் நிரப்பிவிட்டு மதுரைக்கும் கோவைக்கும் செல்லட்டும்.