சாயமின்றிக் காணும் நுண்ணோக்கி

மூளைக் கட்டிக்கான அறுவைச் சிகிச்சையின் நடுவே, வெளியில் அமர்ந்திருக்கும் குடும்பத்தினர் அறியாத ஒரு காத்திருப்பு உண்டு. கட்டியிலிருந்து எடுத்த சிறு துணுக்கு நோயியல் ஆய்வகத்தில் உறைய வைக்கப்பெற்று, மெல்லிய சீவல்களாக அறுக்கப்பெற்று, சாயமேற்றப்பெற்று நுண்ணோக்கிக்கு வரும். இதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். எங்கள் விடையைப் பொறுத்தே அடுத்த முடிவு அமையும். கிளையோமா எனில், தீங்கின்றி அகற்றக்கூடிய அளவுக்கு அகற்றுவர். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று எனில், பெரும்பாலும் அத்துணுக்கோடு நிறுத்திக்கொண்டு மருந்துச் சிகிச்சைக்குச் செல்வர்.

இவ்விடைவேளையைச் சில நிமிடங்களாகக் குறைக்கும் முறை ஒன்று அமெரிக்காவில் உருவாகியுள்ளது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச்சிதறலே இதன் அடிப்படை. இரண்டு லேசர் கதிர்களைத் திசுவின்மீது செலுத்தினால், கொழுப்பும் புரதமும் தத்தம் அதிர்வுகளால் தம்மைத் தனித்தனியே காட்டிக்கொள்கின்றன. கொழுப்பு மிகுந்த நரம்புறையும் புரதம் மிகுந்த உயிரணுக் கருவும் சாயமின்றியே பிரிந்து தெரியும். நாங்கள் பழகிய ஊதா, இளஞ்சிவப்பு வண்ணங்களைப் பின்னர்க் கணினி பூசித் தருகிறது.

வேகத்தையே பலரும் புகழ்கின்றனர். நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. மூளைத் திசு நீர் மிகுந்தது. உறைய வைக்கும்போது பனிப் படிகங்கள் தோன்றி அதன் அமைப்பைக் குலைக்கும். புதிய முறையிலோ, பார்த்த துணுக்கு பெரிதும் சிதையாமல் திரும்பக் கிடைக்கிறது. அதனையே இறுதி ஆய்வுக்கும் மரபணுச் சோதனைக்கும் அனுப்பலாம். கடுகளவு திசுவே கிடைக்கும் நோயாளிக்கு இது சிறிய நன்மை அன்று.

படத்தைக் கணினியே படித்து நோயைக் கூறலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம். 2020இல் வெளியான ஆய்வில், 278 நோயாளிகளின் திசுக்களைக் கணினி 150 நொடிகளுக்குள் ஆய்ந்து 94.6 விழுக்காடு சரியாகக் கூறிற்று. வழக்கமான முறையில் பார்த்த நோயியல் மருத்துவர்கள் கூறியது 93.9 விழுக்காடு. எம் துறையினருக்குச் சற்றே கூச்சம் தரும் கணக்குத்தான்! ஆயினும் கணினி தவறிய இடங்களும் மருத்துவர் தவறிய இடங்களும் வெவ்வேறானவை. ஆகவே இருவரும் சேர்ந்து பார்ப்பதே நோயாளிக்குப் பாதுகாப்பு. மருத்துவரை விலக்கிவிட்டுக் கருவியை மட்டும் வைத்துச் செலவைக் குறைக்க எண்ணுவதை நான் ஏற்கவில்லை. அரிதான கட்டிகளைக் கணினி போதிய அளவு பார்த்துப் பழகியிருப்பதுமில்லை.

நம் மருத்துவமனையில் இன்றளவும் உறைநிலைச் சீவல் முறையே நடைமுறையில் உள்ளது. எம்முறையாயினும், அறுவைக் கூடத்திலிருந்து வரும் சொல் முதற்கட்டக் கருத்தே. எழுத்து வடிவிலான இறுதி அறிக்கைக்குச் சில நாள்கள் ஆகும். மரபணுச் சோதனை இருப்பின் மேலும் காலம் செல்லும். அவ்வறிக்கை வந்ததும் அதன் படியொன்றைத் தாங்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். முதலில் கூறியதற்கும் அதற்கும் வேறுபாடு இருப்பின், காரணத்தைத் தங்கள் மருத்துவரிடம் தயங்காமல் வினவுங்கள்.