தூண்டிலை உடைப்பது மீன் அல்ல, பஸ்!

ரெட்டியார்பாளையத்தில் இருந்து சுண்ணாம்பாறு வரை தூண்டில் போடப் போகிறவருக்கு மீன் பிடிப்பது பெரிய கஷ்டம் இல்லை. தூண்டிலை முழுசாகக் கொண்டுபோய், முழுசாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் கஷ்டம். விழுப்புரம் சாலையில் ஒரு பஸ் பிடித்துப் பேருந்து நிலையம் வரவேண்டும். அங்கே கடலூர் பஸ் ஏறி நோணாங்குப்பத்தில் இறங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இரண்டு பஸ்! ஒருவர் முழங்கையை ஊன்றுவார், இன்னொருவர் மூட்டையை வைப்பார், கதவு வேறு சாத்தும். பல மாதம் காசு சேர்த்து வாங்கிய ராடின் நுனி "டக்" என்று போய்விடும். மீன் தண்ணீரில் நிம்மதியாக இருக்கும்.

அந்தக் காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. மூங்கில் கம்பு உடைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். மதராஸ் மாகாண சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்ற புத்தகத்தை வெளியிட்டபோது தூண்டில் கோல் என்றால் மரமும் மூங்கிலும்தான். கார்பன் ஃபைபர் ராடுகள் வந்தது 1970-களில். இவை எடை குறைவு. வில்லாக வளைந்து கனமான மீனையும் தாங்கும். ஆனால் உள்ளே வெறும் குழல். பக்கவாட்டில் நசுங்கினாலோ, ஒரு சின்னக் கீறல் விழுந்தாலோ போச்சு. சில சமயம் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. அடுத்த வாரம் மீன் இழுக்கும்போது அதே இடத்தில் முறியும். பழி மட்டும் கம்பெனி மேல்!

ராடோடு வரும் துணிப்பை தூசிக்குத்தான் ஆகும், நசுங்குவதைத் தடுக்காது. கெட்டியான பெட்டி கடையில் கிடைக்கும்; வெளியூரில் இருந்து வரவழைத்தால் "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" கதைதான். ஆகவே நல்ல வழி, வீட்டிலேயே பி.வி.சி. பைப்பில் செய்துகொள்வது. புது பைப் கூட வேண்டாம். வீடு கட்டும் இடத்தில் கேட்டால் பிளம்பர் வெட்டிப் போட்ட துண்டு கிடைக்கும்.

அளவு முக்கியம். 7 அடி ராடு இரண்டு துண்டாகப் பிரிந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 110 செ.மீ. இருக்கும். நீளமான துண்டை அளந்து, அதோடு 5 செ.மீ. சேர்த்து பைப்பை வெட்ட வேண்டும். ரீலைக் கழற்றிவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து, பெரிய வளையம் உள்ள இடத்தின் அகலத்தைப் பார்க்க வேண்டும். ஒரு ராடுக்குப் பெரும்பாலும் 75 மி.மீ. பைப் போதும். இரண்டு ராடு என்றால் 110. கடையில் சொல்லும் அளவு வெளிவிட்டம். உள்ளே சில மி.மீ. குறையும் என்பதை மறக்கக் கூடாது. தடித்த பிரஷர் பைப் வேண்டாம். அது ராடைக் காக்கும், தோளை உடைக்கும்.

பைப்பைச் சுற்றி ஒரு தாளை ஒட்டிக் கோடு போட்டால் ஆக்சா பிளேடு நேராகப் போகும். பிசிறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒரு முனையில் எண்ட் கேப்பை சொல்யூஷன் போட்டு ஒட்டிவிடலாம். மறுமுனைக்கு மரை போட்ட மூடிதான் நல்லது. சாதா கேப்பை ஒட்டாமல் செருகி வைத்தால் வழியில் கழன்றுவிடும், இல்லையென்றால் ஆற்றங்கரையில் திறக்கவே வராது. இரண்டு முனையிலும் தடித்த ஃபோம் வைக்க வேண்டும். பழைய லுங்கியில் உறை தைத்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் போட்டால் ஒன்றோடொன்று உரசாது. சொல்யூஷன் வாசம் போகும்வரை இரண்டு நாள் திறந்தே இருக்கட்டும். பழைய பையின் வாரை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டினால் தோளில் மாட்டிக்கொள்ளலாம்.

பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. அடி முனையில் இரண்டு சிறிய ஓட்டை போட வேண்டும். முகத்துவாரத்து உப்புத்தண்ணீரில் நனைந்த ராடைக் காற்றுப் புகாத பைப்பில் மூடி வைத்தால் வளையம் துருப்பிடிக்கும். பஸ் செய்யாததை ஈரம் செய்துவிடும். ஓட்டை இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும்.

ராடை வைப்பதற்கு முன் அதே நீளத்தில் ஒரு குச்சியைப் போட்டு இடுப்பு உயரத்தில் இருந்து கீழே போட்டுப் பார்க்கலாம். குச்சியே முறிந்தால் அந்தப் பெட்டியை நம்பி ராடை வைக்கக் கூடாது.

"மடக்கு ராடு வாங்கினால் இந்த வேலையே வேண்டாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். பைக்குள் அடங்கும். ஆனால் அதன் இணைப்புகளில் மணல் புகுந்தால் மாட்டிக்கொள்ளும், மெல்லிய நுனியும் சுலபமாக உடையும். எப்போதாவது போகிறவருக்கு அது சரி. வாராவாரம் போகிறவருக்கு இரண்டு துண்டு ராடும் ஒரு பைப்பும்தான் லாயக்கு.

காசை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பெட்டி இல்லாதவர் ராடைக் கழற்றச் சோம்பல்பட்டு, மாட்டியபடியே நிமிர்த்திப் பிடித்து பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகிறார். தெருவில் மின்கம்பி தாழ்வாகத் தொங்கும் இடத்தில் அது விளையாட்டல்ல, உயிர் போகும் காரியம். பெட்டி இருந்தால் ராடைக் கழற்றும் பழக்கம் தானாக வந்துவிடும். இந்த ஒன்றுக்காகவே அரை நாள் செலவழிக்கலாம்.

கண்டக்டர் "என்னப்பா, பிளம்பிங் வேலையா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். சிரித்துவிட்டு சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தால் நோணாங்குப்பம் வரை கவலை இல்லை. விலைக்கு வாங்கிய பெட்டி கீறினால் மனசு வலிக்கும். சொந்தக் கையால் செய்தது கீறினால், அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.