சாவி யார் கையில்?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எல்லோர் கையிலும் லினக்ஸ் இருக்கிறது. அதன் மையப் பகுதியான கெர்னலை, உலகெங்கும் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் எந்த வரியை மாற்றினார், எப்போது மாற்றினார் என்று கணக்கு வைக்காவிட்டால் எல்லாமே குழம்பிவிடும்.

2002-ல் இந்தக் கணக்குக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் தேர்ந்தெடுத்தது, 'பிட்கீப்பர்' என்ற தனியார் மென்பொருளை. லினக்ஸ்காரர்களுக்கு இலவசம்தான். ஆனால், போட்டிக் கருவி எதையும் உருவாக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. 'சுதந்திர மென்பொருளை இதில் வைத்தா எழுதுவது?' என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றவர்கள் அப்போதே எதிர்த்தார்கள். வேலை நடக்கிறதே, போதாதா என்று இருந்துவிட்டார் டோர்வால்ட்ஸ்.

மூன்றே வருடம். பிட்கீப்பர் சர்வரோடு பேசும் ஒரு கருவியைத் தானே எழுதப் பார்த்தார், ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற ஆஸ்திரேலியர். பெரிய தில்லுமுல்லு எதுவும் இல்லை. சர்வரோடு இணைந்து 'ஹெல்ப்' என்று தட்டினார். கட்டளைப் பட்டியலை அதுவே நீட்டிவிட்டது! நிறுவனம் கோபித்துக்கொண்டு இலவச அனுமதியைத் திரும்பப் பெற்றது.

2005 ஏப்ரல் தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து சொந்தமாக ஒன்றை எழுத ஆரம்பித்தார். அதுதான் 'கிட்'. ஜூனில் வந்த லினக்ஸ் பதிப்பே அதை வைத்துத்தான் வெளியானது. கிட்டில் தலைமை அலுவலகம் என்று ஒன்று தேவையில்லை. பிரதி எடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் வந்துவிடும். ஒரு சர்வர் எரிந்துபோனாலும் இன்னொருவர் லேப்டாப்பிலிருந்து மீட்டுவிடலாம்.

வேடிக்கை இனிமேல்தான். எந்த ஒருவரையும் நம்பியிருக்கக் கூடாது என்று பிறந்த கிட்டைப் பயன்படுத்தும் பலர், 2008-ல் தொடங்கிய 'கிட்ஹப்' என்ற ஒரே தளத்தில் போய்க் குவிந்தார்கள். 2018-ல் அதை 750 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அடுத்த ஆண்டே அமெரிக்கத் தடைச் சட்டத்தின் பெயரால் ஈரான், சிரியா, கிரைமியா பகுதி நிரலர்களின் தனிக் களஞ்சியங்கள் முடக்கப்பட்டன. அவர்கள் செய்த தவறு, அங்கே வசித்ததுதான். ஈரான்காரர்களுக்குக் கதவு மறுபடி முழுதாகத் திறந்தது 2021 ஜனவரியில்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. லினக்ஸ் குழு இன்றும் மாற்றங்களை மின்னஞ்சலிலேயே அனுப்பி, அலசி, ஏற்கிறது. பார்க்கப் பழங்காலம் போல இருக்கும். ஆனால் யாரும் பூட்ட முடியாது. டெபியன் குழு சொந்த சர்வர் வைத்திருக்கிறது. பெர்லினில் லாப நோக்கமற்ற சங்கம் ஒன்று 'கோட்பெர்க்' தளத்தை நடத்துகிறது. 'ஜிக்' என்ற நிரல்மொழிக் குழு 2025-ல் அங்கே குடிபெயர்ந்தது.

சொந்த சர்வர் என்றால் செலவு உண்டு, ராத்திரியில் பழுது பார்க்க ஆளும் வேண்டும். புதியவர்கள் கண்ணில் படுவதும் குறையும். அதனால்தான் பலர் தயங்குகிறார்கள். நிரலை இடம் மாற்றுவது ஓரிரு கட்டளை வேலை. பிழைப் புகார்களும் அதன் கீழே வருடக்கணக்கில் நடந்த விவாதங்களும்தான் அவ்வளவு எளிதில் கூட வருவதில்லை. அவை கிட்டுக்குள் இல்லை. தளத்தின் கிடங்கில் இருக்கின்றன.