துக்கத்துக்குத் தனி அடுக்கு எதற்கு?

சிறுவர் பிரிவில் வேலை பார்க்கும் நூலகர்களுக்கு இந்தக் கோரிக்கை புதிதல்ல. “பிள்ளையோட பாட்டி தவறிட்டாங்க, அதுக்கு ஏத்த மாதிரி ஒரு புத்தகம் எடுத்துக் குடுங்க.” கேட்பவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர் அல்லது ஓர் அத்தை. நாமும் உடனே பட்டியலைத் திறந்து ‘இறப்பு’ என்ற குறிச்சொல்லைத் தட்டுகிறோம். வந்து விழுபவற்றில் பல, ஆறுதல் சொல்வதற்கென்றே எழுதப்பட்டவை. தாத்தா நட்சத்திரமாகிவிடுவார், கடைசிப் பக்கத்தில் குழந்தை சிரித்துவிடும். சில நூலகங்களில் இவற்றுக்கென்று தனி அடுக்கே ஒதுக்குகிறார்கள். அந்த அடுக்கை எடுத்துவிடலாம் என்பதே இந்த உரையில் நான் சொல்ல வருவது. அதற்குச் சாட்சியாக ஒரு நாவலை அழைக்கிறேன்.

தூவே யான்சன் ஃபின்லாந்தின் ஸ்வீடிஷ் மொழி எழுத்தாளர், ஓவியர். 1966-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். அவர் படைத்த, நீர்யானையை நினைவூட்டும் உருண்டை மூக்கு மூமின்களை நம் வாசகர்கள் கோப்பைகளிலும் பைகளிலும்கூடப் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையின் கடைசி நாவல் ‘மூமின் பள்ளத்தாக்கில் நவம்பர்’ 1970-இல் வந்தது. யான்சனின் தாயார் சிக்னே இறந்ததும் அதே ஆண்டில்தான். அதற்குப் பிறகு மூமின் நாவல் எதையும் அவர் எழுதவில்லை.

இந்த மூமின் நாவலில் மூமின்களே இல்லை. அம்மா, அப்பா, மகன் எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள். போன காரணத்தை யாரும் விளக்குவதில்லை. முந்தைய நாவலைப் படித்தவர்கள், அதில் குடும்பம் போய்ச் சேர்ந்த கலங்கரை விளக்கத் தீவை நினைத்துக்கொள்வார்கள். இலையுதிர் காலத்தின் கடைசி மழையில் ஆறு பேர் தனித்தனியாக அந்த வீட்டைத் தேடி வருகிறார்கள். சன்னல் துடைக்கக் கூரைமேல் ஏறி, சறுக்கி, சாவின் விளிம்புவரை போய்த் திரும்பிய ஃபில்லிஜாங்க்குக்கு அதன் பிறகு வெகுநாள்வரை துடைப்பத்தைத் தொடவே கை வருவதில்லை. எல்லோரையும் ஒழுங்குபடுத்தத் துடிக்கும் ஹெமுலன், படகு ஓட்டும் ஆசையைச் சுமந்துகொண்டு படகுக்கே பயப்படுகிறான். தன் பெயரையே மறந்துபோன ஒரு முணுமுணுப்புத் தாத்தா, கண்ணாடியில் தெரியும் உருவத்தை மூதாதையர் என்று நினைத்து அதனுடன் பேசுகிறார். மழையைப் பற்றிய தன் பாட்டுக்கான சில சுரங்களைத் தேடி வருகிறான் ஸ்னஃப்கின். தங்கையைப் பார்க்க வருகிறாள் மிம்பிள். எதற்கும் கவலைப்படாதவள் அவள் ஒருத்திதான். ஆறாவது ஆள் டாஃப்ட் என்ற சிறுவன். ஒரு படகுக்குள் தார்ப்பாயின் அடியில் தனியாக வாழ்கிறவன், இரவுதோறும் மூமின் அம்மாவின் கதையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூங்குகிறவன்.

நாவலில் யாரும் சாகவில்லை. சாவு பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்கவும் இல்லை. டாஃப்ட்டின் துக்கம் கோபமாகத்தான் வெளிப்படுகிறது. ஒரு தடித்த புத்தகத்தில் ஏதோ ஒரு கடல் உயிரைப் பற்றிப் படிக்கிறான். அந்த உயிர் தோட்டத்தில் நிஜமாகவே நடமாடத் தொடங்குகிறது. இடிமின்னலைத் தின்று வீங்குகிறது, பல்லைக் காட்டுகிறது. கடைசியில் அவனே அதைச் சிறிதாக்கித் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. பிறகு, மூமின் குடும்பத்தினர் மனம் கசந்த வேளைகளில் போய் ஒளிந்துகொள்ளும் அழகற்ற காட்டுக்குள் நுழைகிறான். எப்போதும் சிரித்த முகமாக அவன் கற்பனை செய்திருந்த அம்மாவுக்கும் சோர்வும் சினமும் உண்டு என்று அங்கேதான் அவனுக்கு உறைக்கிறது. பிள்ளைகள் அம்மாவை ஒரு மனுஷியாக முதன்முறை பார்க்கும் அந்தக் கணத்தை இவ்வளவு துல்லியமாக எழுதிய சிறுவர் நாவல் எனக்கு வேறு தெரியாது. கடைசியில், கடலில் ஒரு பாய்மர விளக்கைப் பார்த்துவிட்டுப் படகுத்துறைக்கு நடக்கிறான். குடும்பம் கரையேறும் முன்பே நாவல் முடிந்துவிடுகிறது.

இந்தப் புத்தகத்தை எந்தக் குறிச்சொல்லின் கீழ் வைப்போம்? டியூயி பகுப்பில் ஸ்வீடிஷ் இலக்கியத்துக்குரிய 839.7-இல் அது பாட்டுக்கு இருக்கும். சாவின் உளவியலுக்கான 155.937-க்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அப்படி இருப்பதே நல்லது. தனி அடுக்கிலிருந்து புத்தகம் எடுக்கும் பிள்ளையை மற்ற பிள்ளைகள் பார்க்கிறார்கள். ‘இது உனக்கு வந்திருக்கும் நோய்க்கு’ என்று சீட்டு எழுதித் தந்ததுபோல் ஆகிவிடுகிறது. படித்து முடித்த பிள்ளையிடம் நாம் வேறு “இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டுவைக்கிறோம்.

சாவை நேராகப் பேசும் கதைகள் வேண்டாம் என்று இதற்குப் பொருளல்ல. ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரனின் ‘லயன்ஹார்ட் சகோதரர்கள்’ 1973-இல் வந்தபோது, சாவைக் குழந்தைகளுக்கு இனிப்பாக்கித் தருகிறது என்று விமர்சகர்கள் சிலர் சினந்தார்கள். பிள்ளைகள் அதை விடவில்லை. பேட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ நாவலில் தாயின் நோய் முதலிலிருந்தே நம் கண்முன் இருக்கிறது. இவையும் கற்பனைக் கதை அடுக்கில், டிராகன்களுக்கும் மந்திரவாதிகளுக்கும் நடுவே இருக்கட்டும். பிள்ளை தானாகத் தடுக்கி விழட்டும்.

‘நவம்பர்’ நாவலை நீட்டும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. மூமின் அம்மாவை முன்பே அறியாத வாசகருக்கு அவளுடைய இல்லாமை உறைக்காது. ‘ஃபின் ஃபாமிலி மூமின்ட்ரோல்’ என்ற 1948-ஆம் ஆண்டு நாவலாவது முதலில் கைக்குப் போயிருக்க வேண்டும். கதை மெதுவாக நகரும். பத்து வயதுக்குக் கீழே பல பிள்ளைகள் பாதியில் திருப்பித் தருவார்கள். தரட்டும். சில நூல்கள் பிள்ளையுடன் வந்த அம்மாவுக்கோ மாமாவுக்கோ உரியவை. ‘ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்’ என்ற ரங்கநாதனின் மூன்றாம் நூலக விதிக்குள் அவர்களும் அடக்கம்தான்.

அடுத்த கல்வியாண்டுக்கான அடுக்கு மாற்றத்தைப் பல நூலகங்கள் இப்போது திட்டமிட்டுக்கொண்டிருக்கும். ‘துக்கம்’, ‘இழப்பு’ என்று எழுதிய பலகைகளைக் கழற்றிவிடுங்கள். குறிச்சொற்கள் நூலகரின் கணினியில் இருந்தால் போதும். யாராவது வந்து கேட்டால், அந்தப் பிள்ளை இதற்கு முன் விரும்பிப் படித்தது எது என்று முதலில் விசாரியுங்கள். எதைத் தரலாம் என்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.