குதிகால் நோவும் சுட்ட செங்கல்லும்

மனிதன் தன் முகத்தை நாளொன்றுக்குப் பத்துத் தடவை கண்ணாடியில் பார்த்துக் கொள்கிறான். சரீரத்தின் பாரம் முழுவதையும் தாங்கும் குதிகாலையோ, அது நோவெடுத்தாலன்றித் திரும்பியும் பார்ப்பதில்லை.

சென்ற சித்திரையில் அரியலூர் ஜில்லாவிலுள்ள செந்துறையில் சில தினங்கள் தங்கியிருந்தோம். முந்திரித் தோப்புகள் மிகுந்த பிரதேசம் அது. பொழுது விடியுமுன்பே ஸ்திரீகள் முந்திரி பொறுக்கப் புறப்பட்டு விடுகிறார்கள். அடுத்த வீட்டு அம்மாள் மட்டும் திண்ணையைப் பிடித்துக் கொண்டு நின்றார். "எழுந்து முதல் அடி வைத்தால் ஊசி குத்துகிறது. நாலு தப்படி நடந்தால் தேவலை. உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் குத்துகிறது" என்றார்.

"குதிவாதம்தான். செங்கல்லைச் சுட்டு, எருக்கிலையைப் போட்டு, காலை வைத்துக் கொள். நானும் அதைத்தான் செய்தேன்" என்றார் அவருடைய மாமியார். அந்த மூதாட்டியின் குதிகாலைப் பார்த்தோம், திடுக்கிட்டோம். அங்கே ஓர் ஆறாத புண்! செங்கல்லில் வெந்தது. பல வருஷங்களாக நீரிழிவு உள்ளவராதலால் காலில் உணர்ச்சி மங்கியிருந்தது. சூடு அவருக்குத் தெரியவேயில்லை.

குதிகால் நோவு என்பது ஒரே வியாதியன்று. பல வியாதிகள் ஒரே இடத்தில் வந்து கதவைத் தட்டுகின்றன. எது வந்திருக்கிறது என்று விசாரிக்காமல் செங்கல்லைச் சுடலாகாது.

மருமகளுக்கு வந்ததுதான் பெரும்பாலோருக்கு வருவது. குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, வில்லுக்கு நாண்போல், தடித்த பட்டை ஒன்று உள்ளங்காலில் ஓடுகிறது. நெடுநேரம் நிற்றல், உடற்பருமன், கெண்டைச்சதையின் இறுக்கம், தேய்ந்த செருப்பு இவற்றால் அது எலும்போடு சேருமிடத்தில் நைந்து போகிறது. சிமெண்டுக்குப் பேர் போன ஜில்லாவில் மண் தரைகளும் சிமெண்டுத் தரைகளாகி விட்டன. வெறுங்காலுக்கு அது கடினமே. எக்ஸ்ரே படத்தில் எலும்பு முள்போல் நீண்டிருப்பதைக் கண்டு சிலர் அஞ்சுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அம்முள் உண்டு.

குதிகாலின் பின்புறம் வலித்தால், கெண்டைச்சதையை எலும்போடு பிணைக்கும் நரம்புக்கயிறு நொந்திருக்கலாம். நடக்க நடக்க வலி ஏறி, குதிகாலை இருபுறமும் அழுத்தினால் துடித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கக்கூடும். எரிச்சலும் மதமதப்பும் நரம்பின் கோளாறு. வாலிபர்களுக்கு இரு குதிகாலும் நொந்து, காலையில் இடுப்பும் நெடுநேரம் விறைத்திருந்தால், அது மூட்டுவாத வகையாகலாம். வெறுங்காலுடன் நடப்போருக்கு உள்ளே ஒடிந்த வேலிக்கருவை முள்ளும் காரணமாகலாம்.

முதலில் சொன்ன வகைக்குச் செலவில்லாத சிகிச்சை உண்டு. படுக்கையை விட்டுக் காலை ஊன்றுமுன், விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி இழுத்துப் பத்து எண்ணும்வரை நிறுத்த வேண்டும். இவ்வாறு பத்துத் தடவை. தினம் மூன்று வேளை. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு அவசியம். குணமாகச் சில மாதங்கள் பிடிக்கும். பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் விலகிவிடும்.

நீரிழிவுள்ளவர்களுக்கு விதி வேறு. சூட்டு ஒத்தடம், எருக்கம்பால், கால் ஆணியைப் பிளேடால் சீவுதல் எதுவும் ஆகாது. தினந்தோறும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் மங்கினால் வீட்டார் பார்த்துச் சொல்ல வேண்டும். 2021-இல் தமிழக சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலிலேயே சர்க்கரையைச் சோதிக்கிறது. வெட்கப்படாமல் அவர்களிடம் காலையும் காட்டலாமே! வீக்கம், சிவப்பு, ஜுரம், காலை ஊன்றவே இயலாமை இவற்றில் எது கண்டாலும் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஆடியில் மறுபடியும் அவ்வீட்டுக்குச் சென்றோம். மருமகள் வேகமாக நடந்து வந்து தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் கட்டுக்கட்டி வந்த மாமியாரின் புண் ஆறிக்கொண்டிருந்தது. மாலையில் மருமகள் விளக்கருகே உட்கார்ந்து மாமியாரின் பாதத்தை மடியில் வைத்துப் பார்த்தார். செங்கல்லைக் காணோமே என்றோம். கொல்லையில் ஆட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்கு ஏற்ற உத்தியோகம் அதுதான்.