பலகை ஊமையல்ல!

உங்கள் வீட்டில் லினக்ஸ் இருக்கிறதா?

"அதெல்லாம் கம்ப்யூட்டர் ஆபீஸ்காரர்கள் சமாசாரம், நம் வீட்டில் ஏது?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கூடத்து மூலையில் ராப்பகலாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே இண்டர்நெட் பெட்டி, ரவுட்டர், அதற்குள் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்தான். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்ட் போன் என்றால் அதற்கும் அடித்தளம் அதுவே. இப்படி ஒரு சாமானுக்குள் குடிபுகுந்து, தன் பெயரையே வெளியில் சொல்லிக்கொள்ளாமல் வேலை பார்க்கும் லினக்ஸுக்கு 'எம்பெடட் லினக்ஸ்' என்று பெயர்.

1991-ல் பின்லாந்து தேசத்தில், ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஆரம்பித்த காரியம் இது. மறு வருஷமே அதற்கு ஒரு நிபந்தனை ஏற்பட்டது. இதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்றுக் காசு பண்ணலாம். ஆனால் வாங்குகிறவர் கேட்டால் மூலத்தைக் கொடுத்தாக வேண்டும். வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்காதீர்கள். லிங்க்ஸிஸ் கம்பெனி விற்ற ரவுட்டர் ஒன்றுக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் சிலர் கண்டுபிடித்துக் கேட்டபோது, கம்பெனி மூலத்தை வெளியிட வேண்டியதாயிற்று. அதை வைத்துத்தான் 2004-ல் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' பிறந்தது. கம்பெனி கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்கள் அதன் புண்ணியத்தில் இன்னும் உயிரோடு இருக்கின்றன.

இதைப் படிக்கிறவர்களில், பொறியியல் பட்டத்தை வாங்கிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டு, "எட்டு வருஷம் ஆகிவிட்டது, இனிமேல் என்ன!" என்று பெருமூச்சு விடும் சகோதரிகளும் இருப்பீர்கள். இந்த வாரம் முக்கியமாக உங்களுக்குத்தான். பட்டம் இல்லாதவர்களும் தாராளமாகக் கூட வரலாம்.

இந்த வித்தையைப் பழக ஒரு பலகை வேண்டும். 'டெவலப்மெண்ட் போர்டு' என்பார்கள். ராஸ்ப்பெர்ரி பை பிரசித்தமானது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பொருத்தம். உள்விவகாரம் கற்க என் சிபாரிசு பீகிள்போன் பிளாக். 2013-ல் 45 டாலர் விலைக்கு வெளிவந்தது. உள்ளங்கையில் அடங்கும். பெப்பர்மிண்ட் டப்பாவில் வைத்து மூடலாம் என்பதற்காகவே மூலைகளை வளைத்திருக்கிறார்கள்! 512 மெகாபைட் ஞாபகசக்தி, ஈதர்நெட் இருக்கிறது, இரண்டு பக்கமும் 46, 46 துளைகள். என் சிபாரிசுக்குக் காரணம் வேறு. எந்தக் கம்பி எங்கே போகிறது என்ற முழுப் படத்தையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள்.

பலகையோடு கூடவே இன்னொரு சாமான் வாங்க வேண்டும். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: 3.3 வோல்ட் யு.எஸ்.பி. சீரியல் கேபிள். விலை கொஞ்சம்தான். இது இல்லாததால் படிப்பை முதல் ராத்திரியே நிறுத்தியவர்கள் அநேகர்.

என்ன நடக்கிறது தெரியுமா? ஆசையாக மெமரி கார்டில் லினக்ஸை ஏற்றிப் பலகையில் சொருகுகிறோம். மின்சாரம் கொடுக்கிறோம். ஒரு சிறு விளக்கு எரிகிறது. அவ்வளவுதான்! திரையில் ஒன்றுமில்லை, சத்தமில்லை. பத்து நிமிஷம் பார்க்கிறோம். பிடுங்கி மறுபடி சொருகுகிறோம். கடைசியில், "நமக்கு வராது" என்று மூடி வைக்கிறோம். பலகை என்னமோ அத்தனை நேரமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருந்தது. அது பேசும் இடம் வேறு.

பீகிள்போனில் ஜே1 என்று ஓர் ஆறு ஊசி வரிசை உண்டு. முதல் ஊசி தரை. நான்காவது பலகையின் காது. ஐந்தாவது அதன் வாய். கேபிளின் வாயைப் பலகையின் காதுக்கும், கேபிளின் காதைப் பலகையின் வாய்க்கும் கொடுக்க வேண்டும். வாயோடு வாய் வைத்தால் எப்படிக் கேட்கும்? மின்சாரம் தரும் கம்பி ஒன்றும் கேபிளில் தனியே தொங்கினால் அதைச் சேர்க்காமல் மடித்துவிடுங்கள். கம்ப்யூட்டரில் விண்டோஸ் என்றால் 'புட்டி', லினக்ஸ் என்றால் 'பிக்கோகாம்' என்ற புரோகிராமைத் திறந்து, வேகத்தை 1,15,200 என்று வையுங்கள். இப்போது மின்சாரம் கொடுங்கள்.

வரி வரியாக ஓடும். படியுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

சில வீடுகளில் காலையில் சின்னக் குழந்தை முதலில் விழித்து அக்காளை எழுப்பும். அக்காள் போய் அம்மாவை எழுப்புவாள். அம்மா எழுந்த பிறகுதான் வீடு வீடாகும். பலகையும் அப்படித்தான். சில்லுக்குள்ளேயே பதித்திருக்கும் 'பூட் ராம்' என்பது குழந்தை. அதற்குத் தெரிந்ததெல்லாம், கார்டிலிருந்து சுமார் 100 கிலோபைட் அளவில் ஒரு குட்டிப் புரோகிராமை எடுக்க மட்டும்தான். கார்டில் அது ஃபைலாக இருந்தால் அதற்கு எம்.எல்.ஓ. என்று பெயர். அந்தக் குட்டி, 512 மெகாபைட்டையும் தட்டி எழுப்பி, 'யூ-பூட்' என்ற பெரிய அக்காளைக் கொண்டுவருகிறது. (ஜெர்மன் பாஷையில் யூ-பூட் என்றால் நீர்மூழ்கிக் கப்பல். பெயர் வைத்தவர்களுக்குக் குறும்பு அதிகம்.) யூ-பூட்தான் கெர்னலை, அதாவது லினக்ஸின் மூலவரை, எழுப்புகிறது.

கூடவே 'டிவைஸ் ட்ரீ' என்று ஒரு ஃபைலையும் அதன் கையில் கொடுக்கிறது. புது வீட்டுக்குக் குடிபோனால் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று எழுதி ஒட்டுகிறோம் அல்லவா? அதுதான். மேஜைக் கம்ப்யூட்டர் தன்னிடம் இருப்பதைப் பெரும்பாலும் தானே விசாரித்துக்கொள்ளும். சின்னப் பலகைக்கு நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இந்த வரிசை மனதில் இருந்தால், பேச்சு எங்கே நின்றதோ அங்கேதான் நோய் என்று சொல்லிவிடலாம்.

'சி' என்ற இங்கிலீஷ் எழுத்து மட்டும் சிசிசிசி என்று வந்துகொண்டே இருக்கிறதா? குழந்தை விழித்துவிட்டது, அக்காளைக் காணோம் என்று அழுகிறது. சில்லு நன்றாக இருக்கிறது, கார்டில்தான் கோளாறு. கார்டை மறுபடி எழுதுங்கள். பலகையிலேயே உள்ள சேமிப்பை விட்டுக் கார்டிலிருந்து கிளம்ப வேண்டுமென்றால், எஸ்2 பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுக்க வேண்டும். இதையும் பலர் மறக்கிறார்கள்.

'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்ற வரியோடு மௌனமா? டிவைஸ் ட்ரீ தவறாக இருக்கலாம். அல்லது கெர்னல் வேறு ஜன்னல் பக்கம் பேசிக்கொண்டிருக்கலாம். பழைய புஸ்தகங்களில் பேசும் வாசலுக்கு 'டிடிஒய்ஓ0' என்று எழுதியிருக்கும். பிற்காலக் கெர்னல்களில் அது 'டிடிஒய்எஸ்0'. ஓர் எழுத்து! இந்த ஓர் எழுத்துக்காகத் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள்.

கெர்னல் எழுந்து, நிறையப் பேசி, கடைசியில் 'ரூட்' ஃபைல் சிஸ்டத்தைப் பிடிக்க முடியவில்லை என்று பீதியோடு நிற்கிறதா? அதன் வீட்டு விலாசத்தை நாம் தப்பாகச் சொல்லிவிட்டோம். யூ-பூட் வரும்போது ஸ்பேஸ் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் அங்கேயே நிற்கும். விலாசத்தைத் திருத்தி அனுப்பலாம்.

உடைந்தால் ஒட்டாத விஷயம் ஒன்று உண்டு. பக்கத்துத் துளைகள் 3.3 வோல்ட்டுக்குத்தான். அனலாக் துளைகள் வெறும் 1.8. ஐந்து வோல்ட் கம்பியை வைத்தீர்களோ, சில்லு போயே போயிற்று. மற்றபடி லினக்ஸில் நீங்கள் எதைக் கெடுத்தாலும் கார்டை மறுபடி எழுதிச் சரிசெய்யலாம். அணைக்கும்போது மட்டும் சட்டென்று பிடுங்காமல் 'பவர்ஆஃப்' கட்டளை கொடுங்கள்; எழுதிக்கொண்டிருக்கும் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கினால் எழுத்து கோணாதா?

உள்ளே நுழைந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற விஷப் புரோகிராம், கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகள் அறுபத்துச் சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக் காமிராக்களிலும் ரவுட்டர்களிலும் லட்சக்கணக்கில் புகுந்தது. அந்த அக்டோபர் 21-ம் தேதி அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்கவே இல்லை. எல்லாம் நம் பலகையைப் போன்ற சின்னச் சின்ன லினக்ஸ் பெட்டிகளின் கைங்கரியம்.

ஒரு மாதம் பழகிய பிறகு, பிறர் தயாரித்த லினக்ஸை விட்டுவிட்டுச் சொந்தமாகச் சமைத்துப் பாருங்கள். 'பில்ட்ரூட்' என்பது அதற்கான அடுப்பங்கரை. அதில் 'பிஸிபாக்ஸ்' என்று ஓர் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது: நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே சின்ன ஃபைலுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். முதல் தடவை சமையல் மணிக்கணக்கில் ஆகலாம். கம்ப்யூட்டரை ஓடவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். பிரான்ஸ் தேசத்து 'பூட்லின்' கம்பெனி தன் பாடங்களை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. பீகிள்போன் பிளாக்குக்கென்றே அதில் பயிற்சிகள் உண்டு. அரைமணியில் கற்றுத் தருவதாக வரும் விளம்பரங்களைவிட அது எவ்வளவோ மேல்.

அதற்கு முன்னால், இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு விளையாட்டு. பலகை எழுந்ததும் நான்கு நீல விளக்குகளில் ஒன்று இதயம் மாதிரி 'லப்-டப்' என்று துடிக்கும். லினக்ஸில் விளக்குகூட ஒரு ஃபைல்தான். 'ஸிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'லெட்ஸ்' என்று போனால் நான்கும் இருக்கும். 'யுஎஸ்ஆர்0' என்பதன் 'ட்ரிக்கர்' ஃபைலில் 'நன்' என்று எழுதுங்கள்: துடிப்பு நின்றுவிடும். 'ஹார்ட்பீட்' என்று எழுதுங்கள்: மறுபடி துடிக்கும். அந்த விளக்கின் முழுப் பெயரில் 'கிரீன்' என்று இருப்பதைப் பார்த்துத் திகைக்காதீர்கள். விளக்கு நீலம்தான், பெயர்தான் பச்சை!